பதினெட்டாம்படிக்குப் போகிற வழி

மதுரையை ஒரே நாளில் சுற்றிப் பார்த்தவன் யாரென்று கேட்டால் என்னைத்தான் சொல்ல வேண்டும். மீனாட்சி கோவில், ஆயிரங்கால் மண்டபம், நாயக்கர் மகால், திருப்பரங்குன்றம், எல்லாம் பார்த்தேன். ஒரு தூண் விடாமல் பார்த்தேன். ஆனால் "எப்படி இருந்துச்சு முத்திருளா?" என்று யாராவது ஆசையாகக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊர் பார்க்கவா போனேன் நான்? கூட வந்த என் மச்சான் தவசியைக் கேளுங்கள். அவன் மணிக்கணக்காகச் சொல்லுவான்.

நான் புறப்பட்டது அழகர்கோவிலுக்கு. அங்கே பதினெட்டாம்படிக் கருப்பனின் கதவுக்கு முன்னால் சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டும். தவசியின் மாட்டுக்கு நான் விஷம் வைக்கவில்லை என்று சத்தியம் பண்ண வேண்டும். பண்ணினால்தான் என் பெண்டாட்டி வீட்டுக்கு வருவாள்.

தவசியின் தங்கை பாண்டியம்மாள் என் பெண்டாட்டி. என் தங்கை செல்லத்தாய் அவன் பெண்டாட்டி. பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடுகள், ஒரே பந்தலில் இரண்டு தாலி. செலவு மிச்சம், உறவு கெட்டி என்று பெரியவர்கள் சந்தோஷப்பட்டார்கள். ஒரு வீட்டில் சண்டை வந்தால் இரண்டு வீட்டிலும் அடுப்பு அணையும் என்பதை யாரும் அப்போது பேசவில்லை.

தவசியிடம் மயிலைக்காளை ஒன்று இருந்தது. அந்தப் பொங்கலுக்கு அவனியாபுரம் ஜல்லிக்கட்டில் ஒருத்தன் கை அதன் திமிலில் படவில்லை. எங்கள் ஊர் மஞ்சுவிரட்டுக்கு ஒரு நாள் கொடு என்று கேட்டேன். மாட்டேன் என்றான். நாலு பேருக்கு முன்னால் வார்த்தை தடித்துப்போய், "நீயும் உன் மாடும் நாசமாப் போங்க" என்று கத்திவிட்டு வந்தேன். கத்தினேன், இல்லையென்று சொல்லவில்லை. கோபம் எனக்கு மூக்கு நுனியில்தான் இருக்கும், வந்த வேகத்தில் போயும் விடும். மாசியில் தங்கச்சியைப் பார்க்கப் போனபோது தொழுவத்துக்குப் போய் அந்த மாட்டின் கழுத்தைத் தடவிக் கொடுத்து ஒரு கை பருத்திக்கொட்டையும் வைத்தேன். அவ்வளவு அழகான மாடு அது. மறுநாள் விடியும்போது வாயில் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தது.

பாம்பு தீண்டியதோ, காட்டில் எதை மேய்ந்ததோ எனக்குத் தெரியாது. ஆனால் ஊருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நாசமாப் போங்க என்றவன் நான். கடைசியாகத் தீனி வைத்தவனும் நான். வேறு என்ன வேண்டும்? தவசி செத்த மாட்டின் மேல் விழுந்து அழுதுகொண்டே என் பெயரைச் சொன்னான். செல்லத்தாயை அன்றைக்கே எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். அவள் வந்தால் இவள் போயாக வேண்டும், எங்கள் பக்கத்து வழக்கம் அது. பொழுது சாயும் முன் பாண்டியம்மாள் எங்கள் பெண்குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குக் கிளம்பினாள். குழந்தை அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தது.

ஊர்ப் பெரியவர் சிவனாண்டி கூட்டம் போட்டுத் தீர்ப்புச் சொன்னார். "முத்திருளன் கருப்பன் கதவுல சத்தியம் பண்ணட்டும். பண்ணிட்டா அதுக்கு மேல மனுசன் பேச்சுக் கிடையாது. மிச்சத்தைக் கருப்பன் பாத்துக்குவான். பொம்பளைக ரெண்டு பேரும் அவுகவுக வீட்டுக்குப் போயிரணும். தவசி கூடப் போய்ப் பாத்துட்டு வரட்டும். அதுவரைக்கும் ஒருத்தன் கையால இன்னொருத்தன் ஒரு வாய்த் தண்ணி வாங்கிக் குடிக்கப்படாது. குடிச்சா ராசியாயிட்டதா அர்த்தம். அப்புறம் சத்தியம் செல்லாது."

பொய்ச் சத்தியம் பண்ணியவனைக் கருப்பன் ஒரு மண்டலத்துக்குள் கேட்டுவிடுவான் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு என்ன பயம்? செய்தவனுக்கல்லவா பயம்? நாளைக்கே போவோம் என்று குதித்தேன். ஆனால் நாளைக்கே போகிற ஜாதியாகவா எங்களை வைத்திருந்தது சர்க்கார்? ரேகைச் சட்டம் இருந்த காலம். எங்கள் ஊர் ஆண்பிள்ளை ஒரு ராத்திரி வெளியே தங்க வேண்டுமென்றால் கைரேகை வைத்துச் சீட்டு வாங்க வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் சீட்டுக் கிடைப்பதற்குள் பங்குனி வந்துவிட்டது. ஒரே ஒரு ராத்திரிக்குத்தான் கொடுத்தார்கள். இதை விட்டால் அடுத்த சீட்டு எப்போது என்று அந்தக் கருப்பனுக்கே தெரியாது.

போடி ரயில் விட்டுச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. உசிலம்பட்டியில் ஏறி மதுரையில் இறங்கினோம். வழியெல்லாம் நான் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். ஸ்டேஷனுக்கு வெளியே வந்ததும் அழகர்கோவில் பஸ் எங்கே நிற்கும் என்று நான் விசாரித்துக்கொண்டிருந்தேன். தவசி கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள, ஆத்தாளைப் பாக்காம எப்படிப் போறது?"

"நாம போற காரியம் என்ன மச்சான்? போயிட்டு வந்து பாரு."

"மதுரை மண்ணை மிதிச்சுட்டு மீனாட்சியைக் கும்பிடாமப் போனா நல்லதா? நல்ல காரியத்துக்குப் போறோம்."

நல்ல காரியமாம். வாயைத் திறந்து பதில் சொன்னால் வம்பாகும் என்று பேசாமல் கூடப் போனேன். ஒரு கும்பிடு போட எவ்வளவு நேரமாகும்? அம்புட்டு நேரம் ஆச்சு, சாமி! பொற்றாமரைக் குளத்தைச் சுற்றி வந்தான். கிளிக்கூண்டுப் பக்கம் நின்று ஒவ்வொரு கிளியாக வேடிக்கை பார்த்தான். காளி சிலையின் மேல் எறிய வெண்ணெய் உருண்டை வாங்கினான். எறிந்தான், காளிக்கு எட்டவில்லை. மறுபடி வாங்கினான். மாடு விரட்டுகிற ஊரில் பிறந்து கல் எறிந்தே வளர்ந்தவனுக்கு அன்றைக்கென்று கை குறி தப்பிக்கொண்டே இருந்தது. எனக்கு இதெல்லாம் அப்போது உறைக்கவில்லை. எரிச்சல்தான் வந்தது.

அப்புறம் ஆயிரங்கால் மண்டபம். எண்ணினால் ஆயிரம் தேறாது என்று பக்கத்தில் யாரோ ஒருவர் சொல்லித் தொலைத்தார். அவ்வளவுதான். தவசி எண்ண ஆரம்பித்துவிட்டான்.

"மச்சான், நீ எண்ணி என்ன செய்யப்போறே? கூடக் குறைய இருந்தா கட்டிக் குடுக்கப்போறியா?"

"இருடா மாப்ள, பேசாத. விட்டுப்போச்சு பாரு, எதுவரைக்கும் எண்ணினேன்?"

முதலிலிருந்து ஆரம்பித்தான். நான் ஒரு யாளிக்குக் கீழே உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அதன் வாய்க்குள் உருளுகிற கல் உருண்டையைத் தொட்டுப் பார்க்க வந்தவர்கள் என்னைத் தள்ளி உட்காரச் சொன்னார்கள். உலகத்தில் இல்லாத அழகு எல்லாம் என்னைச் சுற்றி நின்றது, நான் பாண்டியம்மாளை நினைத்துக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தைதான் அவள் தோளுக்கு மேலே கையை ஆட்டிக்கொண்டே போனது. நான் ஊருக்குப் போய் நிற்கும்போது என்னை யாரென்று அதற்கு அடையாளம் தெரியுமா என்று ஒரு பயம் வேறு.

வெளியே வந்தபோது வெயில் ஏறிவிட்டது. இனி நேரே பஸ்தான் என்றேன். தவசி ஒரு ஜட்காக்காரனிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"நாயக்கரு மகாலு பக்கத்துலதானாம். ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிருவோம்."

"அது இப்போ கோர்ட்டுய்யா! உள்ள அம்புட்டும் போலீசு. நம்ம இடுப்புல இருக்குற சீட்டைப் பாத்தா என்ன ஏதுன்னு ஆயிரம் கேப்பான்."

"நாம என்ன திருடவா போறோம்? சீட்டு இருக்குல்ல?"

போனோம். கறுப்புக் கோட்டுக்காரர்களும் குமாஸ்தாக்களும் வழக்குக்காரர்களும் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். தவசிக்கு யாரும் கண்ணில் படவில்லை. தூணைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டான். அப்படியொரு தூணை நானும் கண்டதில்லை, சும்மா சொல்லக்கூடாது.

"மாப்ள, அந்தப் பக்கமா வந்து கட்டிப் பிடி. ரெண்டு பேரு கையும் எட்டுதா பாப்போம்."

"எனக்கும் உனக்கும் பேச்சுவார்த்தை இல்ல, ஞாபகம் இருக்கா?"

"தூணைத்தானே பிடிக்கச் சொல்றேன்."

என்ன சொல்வது? கட்டிப் பிடித்தேன். என் மேல் கொலைப்பழி போட்டவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவில் நாயக்கர் தூண். கை எட்டவில்லை. கன்னத்தைச் சுண்ணாம்பில் அழுத்திக்கொண்டு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவன் கத்துகிறான். டவாலி போட்ட சேவகன் ஒருவன் ஓடி வந்தான். "ஏய், உள்ள ஜட்ஜி உட்கார்ந்திருக்காரு, இங்க என்ன கண்ணாமூச்சியா ஆடுறீங்க?" என்று பிடரியில் கை வைத்து வெளியே தள்ளினான். எத்தனை பேர் பார்த்துச் சிரித்தார்கள் தெரியுமா? எனக்கு மானமே போயிற்று. தவசி சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "பெரிய தூணுதான்" என்றான்.

இனி பஸ் என்று நினைத்தீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். "திருப்பரங்குன்றம்" என்றான்.

அழகர்கோவில் வடக்கே. திருப்பரங்குன்றம் தெற்கே. "முருகன் தெய்வானையைக் கட்டிக்கிட்ட எடம்டா. கல்யாணம் காட்சி கூடிவர எடம். நம்ம ரெண்டு பேரு சம்சாரமும் வீடு வந்து சேரணும்னு ஒரு வேண்டுதல் வச்சுட்டு வந்துருவோம்" என்றான். அவன் பெண்டாட்டி என் வீட்டில், என் பெண்டாட்டி அவன் வீட்டில். சத்தியத்தைப் பண்ணி முடித்தால் நாளைக்கே சேரப்போகிறது. அதற்கு முருகனை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும்? சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே ஜட்காவில் ஏறி உட்கார்ந்துவிட்டான். அவன் வராமல் நான் மட்டும் போய்ச் சத்தியம் பண்ணினால் ஊர் ஒத்துக்கொள்ளாது. நானும் ஏறினேன்.

போய்ச் சேர்ந்தால் நடை சாத்தியிருந்தது. உச்சிக்காலம் முடிந்துவிட்டது, சாயங்காலம்தான் திறப்பார்கள். தவசி மலையடிவாரத்து நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிட்டான். "வந்தது வந்துட்டோம், பாத்துட்டே போவோம்" என்றான். எனக்கு வயிறு எரிந்தது. வெயில் வேறு. நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கண்ணை மூடிக் கோவில் வாசல் தூணில் சாய்ந்திருந்தேன். யாரோ என் கையில் சில்லென்று ஒரு மண்கலயத்தை வைத்தார்கள். நீர்மோர். கறிவேப்பிலை வாசம் ஆளைத் தூக்கியது. வாய் வரைக்கும் கொண்டுபோய்விட்டேன்.

கண்ணைத் திறந்தால் எதிரே தவசி குனிந்து நிற்கிறான். "குடி மாப்ள, முகமெல்லாம் வாடிக் கிடக்கு" என்கிறான்.

கலயத்தை அப்படியே தரையில் போட்டேன். அவன் கையால் வாங்கிக் குடித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ராசியாகிவிட்டது, சத்தியம் செல்லாது! அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெண்ணெய் உருண்டை, ஆயிரங்கால், மகால், திருப்பரங்குன்றம், எல்லாம் வேண்டுமென்றே. இவன் ஊர் பார்க்க வரவில்லை. பொழுதை ஓட்டுகிறான்.

"அடப்பாவி, நான் சத்தியம் பண்ணிட்டா உன் வாய் பொய்யாயிரும்னு பயமா?" என்று அவன் சட்டையைப் பிடித்தேன். "மாட்டுக்கு நான் ஒண்ணும் செய்யலைன்னு உனக்கே தெரியும். தெரிஞ்சுக்கிட்டே ஊர் முன்னால என் பேரைச் சொன்னே. இப்போ கருப்பன்கிட்ட வர நடுங்குறே. அப்படித்தானே?"

தவசி உடைந்த கலயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். சத்தம் போடுவான், கையை ஓங்குவான் என்று எதிர்பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. எனக்கு அது நடிப்பாகத்தான் பட்டது.

அதற்குப் பிறகு அவனை விடவில்லை. மணிக்கட்டைப் பிடித்தபடியே மதுரைக்குக் கூட்டி வந்தேன். "வண்டியூருத் தெப்பக்குளம்…" என்று ஆரம்பித்தான். "பல்லை உடைச்சிருவேன்" என்றேன். "சித்திரையில அழகரே வைகைக்கு இறங்கி வாராரு மாப்ள, இன்னும் ஒரு மாசம்தான், அப்போப் பாத்துக்கலாமே" என்றான். "அழகர் வருவாரு. கருப்பன் வாசலை விட்டு வரமாட்டான். ஏறு பஸ்ஸுல" என்று முதுகில் கை வைத்துத் தள்ளினேன். பஸ் வைகைப் பாலத்தைத் தாண்டியதும்தான் எனக்கு மூச்சே வந்தது. ஆற்றில் நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மலை கண்ணுக்குத் தெரிந்ததும் தவசி தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டான்.

வெளிச்சம் இருக்கும்போதே அழகர்கோவிலில் இறங்கினோம். கிணற்றில் இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டேன். ஈர வேட்டியோடு படிக்கு முன்னால் போய் நின்றேன். சாத்திய பெரிய கதவு. முழுக்கச் சந்தனம் அப்பிக் காய்ந்து வெடித்திருந்தது. பக்கத்தில் காணிக்கை அரிவாள்கள் சாத்தி வைத்திருந்தார்கள். அந்தக் கதவுக்குப் பின்னால் கருப்பன் இருக்கிறான். உருவம் கிடையாது, ஆனால் இருக்கிறான். குற்றம் இல்லாத நானே ஓர் அடி பின்னால் தள்ளித்தான் நின்றேன்.

பூசாரி விவரம் கேட்டார். சொன்னேன். கல்லின் மேல் சூடத்தை வைத்து ஏற்றினார். கையை நீட்டினேன். தவசி பாய்ந்து வந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"மாப்ள, வேண்டாம்டா."

"விடு கையை."

"மாடு போனாப் போகுது. சத்தியம் வேண்டாம். வரதுக்குள்ள பொழுதாயிருச்சு, நடை சாத்திட்டாக, கருப்பனுக்கே இஷ்டமில்லைன்னு ஊர்ல நான் சொல்லிக்கிறேன். நாளைக்கே பாண்டியம்மாளைக் கூட்டிக்கிட்டுப் போ. செல்லத்தாயை நான் கூட்டிக்கிறேன்."

இவ்வளவு நாளும் இதைத்தானே எதிர்பார்த்தேன். "அப்போ நான் விசம் வைக்கலைன்னு ஒத்துக்கிறியா மச்சான்?"

அவன் கீழே பார்த்தான்.

"சொல்லு."

"அதை விடு மாப்ள. ஆத்திரத்துல மனுசன் என்னமும் செஞ்சிருவான். நான் மறந்துட்டேன். நீயும் மறந்துரு."

"நான் செய்யலைய்யா!"

"சரி, சரி. செய்யலை. வா போவோம்." அழுகிற பிள்ளையைத் தேற்றுகிற குரல்! "பொய்ச் சத்தியம் பண்ணினவனைக் கருப்பன் விட்டு வைக்க மாட்டான்டா. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எந்தங்கச்சி தாலி என்ன ஆகும்? அந்தப் பச்சப்பிள்ளை என்ன ஆகும்? எனக்கு மாடு பெரிசா, நீ பெரிசா?"

இவனை அல்லவா மதியமெல்லாம் கோழை என்று நினைத்தேன்! கோழையாகவே இருந்திருக்கலாம். பொய்யனாக இருந்திருக்கலாம். சண்டை போட்டுத் தீர்த்துக்கொண்டிருப்பேன். இவன் மனசார என்னைக் குற்றவாளி என்று நம்புகிறான், மனசார என்னைக் காப்பாற்றவும் பார்க்கிறான். இவனை என்ன செய்ய?

"காலையில இருந்து ஊர் சுத்தினது இதுக்குத்தானா? இம்புட்டு யோசனை உனக்கு எங்க இருந்து வந்துச்சு?"

"எனக்கு எங்கடா வரும்? பாண்டியம்மாதான் சொன்னா. கிளம்பும்போது என் காலைக் கட்டிக்கிட்டு அழுதா. 'அண்ணே, அவரைக் கோவிலு காமி, மகாலு காமி, எப்படியாச்சும் சீட்டு முடியிறவரைக்கும் பொழுதை ஓட்டிரு. உன் கையால ஒரு வாய்த் தண்ணியாச்சும் குடுத்துரு. படிகிட்ட மட்டும் விட்டுறாதண்ணே'ன்னா."

பாண்டியம்மாள். ஊர் சொன்னால் சொல்லட்டும் என்று இருந்தேன். தவசி சொன்னால் மாட்டைப் பறிகொடுத்தவன், சொல்லட்டும் என்று இருந்தேன். என்னோடு ஒரே பாயில் படுத்தவள், ஒரு கோழியை அறுக்கச் சொன்னால் கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள் நான் என்று தெரிந்தவள், அவளும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். அவள் திரும்பிப் பார்க்காமல் போனதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது.

தவசியை உதறினேன். அவன் பூசாரி மேல் போய் விழுந்தான். "என்னய்யா சண்டை, சாமி வாசல்ல!" என்று பூசாரி கத்தினார். எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். "மயிலைக்கு நான் விசம் வைக்கலை. வச்சிருந்தா என்னைக் கேளு கருப்பா" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கை தீய்ந்தது. சூடம் அணைந்தது. தவசி கதவுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதான். மாடு செத்த அன்றைக்குக் கூட அவன் அப்படி அழவில்லை. சாமி கும்பிட வந்தவர்கள் என்னைத் தள்ளி நின்று பார்த்தார்கள். செத்தவனைப் பார்க்கிற பார்வை.

மறுநாள் அவன் ஊருக்கே நேராகப் போய்ப் பெண்டாட்டியைக் கூப்பிட்டேன். பாண்டியம்மாள் சிரித்த முகமாகத்தான் வெளியே வந்தாள். என் உள்ளங்கையைப் பார்த்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அப்படியே வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"நான் செய்யலைடி" என்றேன்.

"உங்களை யாரு சத்தியம் பண்ணச் சொன்னது? செஞ்சிருந்தாத்தான் என்ன, நான் உங்களை வேண்டாம்னா சொன்னேன்?"

"செய்யலைங்கிறேன்!"

"வாயில்லாச் சீவனுக்காகப் போய் உசுரைப் பணயம் வச்சுட்டீகளே…"

எதைச் சொல்லி இவளுக்கு விளங்க வைப்பது? குழந்தை என்னை அடையாளம் கண்டுகொண்டு கையை நீட்டியது. அது ஒன்றுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த நல்லது. செல்லத்தாய் அவள் வீட்டுக்குப் போனாள், இவள் என் வீட்டுக்கு வந்தாள். தீர்ப்புப்படி எல்லாம் நடந்தது.

அந்த ஒரு மண்டலம் நான் பட்ட பாட்டை எதிரிக்கும் கொடுக்கக்கூடாது. இருமினால் ஓடி வருவாள். கிணற்றில் இறங்கினால் மேட்டில் நின்று கருப்பா கருப்பா என்பாள். தூங்குகிறவன் மூக்கில் விரலை வைத்துப் பார்ப்பாள். கோழி அடித்துக் குழம்பு வைப்பாள், வைத்துவிட்டு நான் சாப்பிடுவதைப் பார்த்து அழுவாள். நாலு நாள் சளிக்காய்ச்சல் வந்தது. சொந்தக்காரர்களெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தவசி வண்டி கட்டிக்கொண்டு வந்து என் கால்மாட்டிலேயே உட்கார்ந்திருந்தான். "எனக்குச் சளிடா! சளி!" என்று கத்தினேன். "ஆமா மாப்ள, சளிதான்" என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

நான் பொறுத்துக்கொண்டேன். மண்டலம் முடியட்டும், அப்போது தெரியும் என்று நாளை ஓட்டினேன். நான் உயிரோடு எழுந்து நிற்பேன், அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டு என் முன்னால் வந்து நிற்பார்கள். அந்த ஒரு காலைப்பொழுதுக்காகத்தான் காத்திருந்தேன்.

மண்டலம் முடிந்தது. எனக்கு ஒரு மயிரும் உதிரவில்லை. விடிந்ததும் மீசையை முறுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். பாண்டியம்மாள் தலை முழுகி, மஞ்சள் பூசி, நெற்றி நிறையப் பொட்டோடு நின்றாள். அவ்வளவு நாளுக்கு அப்புறம் அவள் சிரித்தாள். என் காலில் விழுந்து எழுந்து என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"கருப்பன் உங்களை மன்னிச்சிட்டான்யா" என்றாள். "இனிமே யாரு மாட்டுக்கும் இப்படிச் செய்யாதீக."

வாயைத் திறந்தேன். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். அதற்குள் தெருமுனையில் தவசியின் வண்டி வந்துவிட்டது. வண்டியில் செல்லத்தாயும் அவன் ஜனங்களும், பின்னால் மாலை போட்ட ஒரு கிடாயும். கருப்பன் என்னை உயிரோடு விட்டுவிட்டால் கிடா வெட்டுகிறேன் என்று அன்றைக்கே கதவுக்கு முன்னால் நேர்ந்துகொண்டானாம். ஆண்பிள்ளைகள் ரேகை வைத்துச் சீட்டு வாங்கிக்கொண்டு, இரண்டு வீட்டு ஜனமும் ஒன்றாக அழகர்கோவிலுக்குப் போனோம். கிடா வெட்டினார்கள். என் பாவம் தீர்ந்ததற்குத் தவசி எல்லாருக்கும் பந்தி போட்டு, முதல் இலையில் என்னைத்தான் உட்கார வைத்தான். நெஞ்சுக்கறியாகப் பார்த்து அவனே எடுத்து வைத்து, "சாப்பிடு மாப்ள, பழசை எல்லாம் விடு" என்றான். சாப்பிட்டேன்.